சோதனை மேடையும் முதல் வாடிக்கையாளரும்

எரிபொருள் மின்கலத் தொழிலைத் தங்கள் வட்டாரத்தில் தொடங்க நினைப்பவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, ஒரு பல்கலைக்கழகத்தையும் ஒரு நிறுவனத்தையும் உட்காரவைத்துப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடவைப்பது. மேடை, பொன்னாடை, மறுநாள் நாளிதழில் படம். ஓராண்டு கழித்துப் போய் விசாரித்தால் கோப்பு பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். ஆய்வு மாணவர் தன் பழைய தலைப்பிலேயே இருப்பார். நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட்ட அதிகாரி வேறு வேலைக்குப் போயிருப்பார்.

அந்தக் கையெழுத்தைச் சற்றுத் தள்ளிவையுங்கள். அதற்கு முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். செய்ததைச் சோதிக்க இடம் எங்கே இருக்கிறது? முதலில் காசு கொடுத்து வாங்கப்போவது யார்? இவ்விரண்டும் தெரிந்த ஊரில் ஆராய்ச்சியாளரும் தொழில்முனைவோரும் ஒருவரையொருவர் தேடிப் போவார்கள். யாரும் மேடை போட வேண்டியதில்லை. இதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஏற்ற இடம் கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் வட்டாரம். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அங்கே இந்தத் தொழில் நடக்கிறது. ஏற்றமும் உண்டு, கடும் சரிவும் உண்டு. அதனால்தான் வெற்றிக் கதைகளைவிட அது நமக்கு அதிகம் பயன்படும்.

எதைச் செய்யப்போகிறீர்கள்?

ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் எரிக்காமலே வினைபுரியவைத்து மின்சாரம் எடுக்கும் கருவிதான் எரிபொருள் மின்கலம். வெளிவருவது நீரும் வெப்பமும். வகைகள் பல இருந்தாலும் வாகனங்களிலும் சிறு மின்னாக்கிகளிலும் பெரும்பாலும் இருப்பது பி.இ.எம். வகை. நடுவில் புரோட்டானை மட்டும் கடத்தும் மெல்லிய மெம்பரேன், இருபுறமும் பிளாட்டினம் கலந்த மின்முனைகள், 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம். ஒரு செல் சுமை ஏறியதும் 0.6 அல்லது 0.7 வோல்ட்தான் தரும். ஆகவே பேருந்துக்கு வேண்டுமானால் நூற்றுக்கணக்கான செல்களை அடுக்கி, அழுத்திக் கட்ட வேண்டும். இந்தக் கட்டைத்தான் தொழிலில் ஸ்டாக் என்கிறார்கள்.

புதிதாக வருபவர்களின் கண் ஸ்டாக்கின் மேல்தான் விழுகிறது, அதிலும் மெம்பரேன்மேல். அங்கே தொடங்காதீர்கள். மெம்பரேன் செய்யும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவை பல்லாண்டு வேதியியல் அனுபவத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்டாக்கைச் சுற்றி இருக்கும் பொருள்களைப் பாருங்கள்: காற்றழுத்தி, ஈரமூட்டி, ஹைட்ரஜனைத் திருப்பி அனுப்பும் பம்ப், குளிர்விப்புச் சுற்று, மின்னழுத்தத்தை மாற்றும் டி.சி. கன்வெர்ட்டர், வால்வுகள், சென்சார்கள், கட்டுப்பாட்டு அட்டை. உற்பத்தி எண்ணிக்கை கூடும்போது மொத்தச் செலவில் பாதியளவை இவையே எடுத்துக்கொள்ளும். ஸ்டாக்குக்குள்ளும் பைபோலார் பிளேட், கேஸ்கெட், எண்ட் பிளேட் ஆகியவை நல்ல அச்சு வேலையும் அழுத்து வேலையும் தெரிந்த பட்டறைகளின் எல்லைக்குள் வருபவை. பம்ப், மோட்டார், வால்வு, ரப்பர் வேலை தெரிந்த ஊர் என்றால் பாதித் தொலைவு ஏற்கெனவே கடந்தாயிற்று.

நிதி தேடுவோருக்கு இடையில் ஒரு குறிப்பு. 2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற இந்தியாவின் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி, நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் எலக்ட்ரோலைசர் தயாரிப்புக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்குமான ஊக்கத்தொகை. முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி, ஆராய்ச்சிக்கு 400 கோடி. எரிபொருள் மின்கலம் ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் பக்கத்தில் இருப்பது. ஆகவே உங்கள் விண்ணப்பம் பின்னிரண்டு சிறிய தலைப்புகளின்கீழ்தான் போகும். முதல் தொகையைப் பார்த்து மயங்கித் திட்ட அறிக்கை எழுதாதீர்கள்.

ராணுவம் கொடுத்த வேலை

1979-ல் ஜெஃப்ரி பல்லார்ட், கீத் பிரேட்டர், பால் ஹவர்ட் ஆகிய மூவர் வடக்கு வான்கூவரில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்கள் தேடியது மறுமின்னேற்றம் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரி. எரிபொருள் மின்கலம் அவர்கள் திட்டத்திலேயே இல்லை. 1983-ல் கனடாவின் பாதுகாப்புத் துறை, பி.இ.எம். வகை மின்கலத்தை மலிவாகச் செய்து காட்ட ஓர் ஒப்பந்தம் அறிவித்தது. அந்த வகையை 1960-களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் விண்வெளிக்காக உருவாக்கியிருந்தது. 1965-ல் ஜெமினி 5 விண்கலத்தில் அது பறந்தது. விண்வெளித் துறைக்கு வெளியே அதன் விலைக்கு யாரும் வாங்கத் தயாராக இல்லாததால் கிடப்பில் கிடந்தது. பல்லார்ட் நிறுவனம் அந்த ஒப்பந்தத்தைப் பெற்றது. 1980-களின் பிற்பாதியில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் புதிய மெம்பரேனைப் போட்டுப் பார்த்தபோது மின்திறன் பலமடங்கு எகிறியது.

ஆராய்ச்சிக் கொடை என்று சொல்லாமல், ‘இதைச் செய்து கொடு’ என்று கேட்ட வாடிக்கையாளர் அங்கே முதலில் வந்தார் என்பதைக் கவனியுங்கள். அடுத்த படியும் அப்படித்தான். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு ஒரு பேருந்து கேட்டது. 1993-ல் அது ஓடியது. அதே ஆண்டு நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது, டைம்லர்-பென்ஸுடன் கூட்டுச் சேர்ந்தது. அரசிடம் நிதியுதவி கேட்டு நிற்பதைவிட, ஒரு பொருளை வாங்கச் சொல்லிக் கேட்பது எளிது. பேருந்துக் கழகம், ரயில்வே, துறைமுகம், மருத்துவமனை என அரசின் கையிலேயே வாங்கும் கைகள் பல இருக்கின்றன. டெண்டர் விதிகளில் ‘முன்பு இத்தனை எண்ணிக்கை விற்றிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனையை முன்மாதிரிக் கொள்முதலுக்குத் தளர்த்தித் தரும்படி துறைச் செயலரிடம் முன்கூட்டியே பேசுங்கள். ஒரு புதிய தொழிலின் கழுத்தை நெரிப்பது பெரும்பாலும் அந்த ஒற்றை வரிதான்.

சோதனை மேடை

வான்கூவரைப் பற்றி எழுதுபவர்கள் பல்லார்டைப் பற்றியே எழுதுவார்கள். அந்த வட்டாரத்தைத் தாங்கிப்பிடித்தது பல்லார்டைச் சுற்றி வளர்ந்த சோதனை வேலை என்பது என் கருத்து.

சோதனை ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காரில் பொருத்தும் மின்கலம் குறைந்தது 5,000 மணி நேரம் உழைக்க வேண்டும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை வைத்த இலக்கு. கனரக லாரிக்கு 25,000 மணி. இரவு பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் 5,000 மணி நேரம் ஏறத்தாழ ஏழு மாதம். 25,000 மணி நேரம் மூன்று ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. அவ்வளவு காத்திருக்க முடியாது என்பதால் சுமையை ஏற்றி இறக்கி, ஈரத்தைக் கூட்டிக் குறைத்து, வேண்டுமென்றே மின்கலத்தை வதைக்கும் விரைவுச் சோதனைகள் உண்டு. அவற்றுக்குக் கூட நூற்றுக்கணக்கான மணிகள் தேவை. அத்தனை நேரமும் தூய ஹைட்ரஜன், கசிவு காட்டும் கருவி, தீப்பொறி எழாத மின்னமைப்பு, கூரையில் காற்றுப்போக்கி, இரவில் விழித்திருக்கும் ஆள். கேஸ்கெட் செய்யும் ஒரு சிறு பட்டறை இதையெல்லாம் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. சோதனை அறிக்கை இல்லாத கேஸ்கெட்டை வாங்க ஆளும் கிடையாது.

வான்கூவரில் இந்த முடிச்சு மூன்று இடங்களில் அவிழ்ந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் எரிபொருள் மின்கலத்துக்கென ஒரு நிலையத்தை நடத்தியது. ஹைட்ரஜன் பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகங்களைத் தொழில்துறைக்கும் திறந்துவைத்தார்கள். அடுத்தது, மாகாண மின்வாரியமான பி.சி. ஹைட்ரோவுக்குச் சொந்தமான பவர்டெக் ஆய்வகம். சர்ரே நகரில் உள்ள இது உயர் அழுத்த ஹைட்ரஜன் தொட்டிகளைச் சோதிப்பதில் உலகப் பெயர் பெற்றது. 700 பார் அழுத்தத் தொட்டிகளுக்குக் கார் நிறுவனங்கள் அங்கே வந்தன. மின்வாரியத்தின் சொந்தச் சோதனைக்கூடம் வெளியார் வேலைக்குக் கதவு திறந்ததால் கிடைத்த பலன் இது. நம்மூர் மின்வாரியங்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. பர்னபியில் கிரீன்லைட் என்ற நிறுவனம் மின்கலத்தைச் செய்யாமல், மின்கலத்தைச் சோதிக்கும் மேடைகளைச் செய்து விற்றது. 2003-ல் டொரண்டோ பக்கத்து ஹைட்ரஜெனிக்ஸ் அதை வாங்கியது. பின்னர் அந்த வேலை மீண்டும் பிரிந்து, கிரீன்லைட் இன்னோவேஷன் என்ற பெயரில் பர்னபியிலேயே தொடர்கிறது. யாருடைய மின்கலம் வென்றாலும் தோற்றாலும் சோதனை மேடைக்கு வாடிக்கையாளர் உண்டு. ஒரு வட்டாரம் தன் முதல் பந்தயத்தை எதில் கட்டலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

பொதுச் சோதனை மையம் நமக்குப் புதிதும் இல்லை. கோவையில் நூற்பாலைகள் சேர்ந்து நடத்தும் சிட்ரா 1956 முதல் இருக்கிறது. பம்ப் தொழிலுக்கு சிட்டார்க் இருக்கிறது. போட்டியாளர்களே சேர்ந்து ஒரு சோதனைக் கூடத்துக்குச் சந்தா கட்டும் பழக்கம் உள்ள ஊர்கள் நாட்டில் அதிகமில்லை. அந்த மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விதிகளை மட்டும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். சோதனைக்குக் கட்டணம் கட்டியவருக்கே அதன் தரவு சொந்தம். எந்த உறுப்பினரும், அவர் எவ்வளவு பெரிய சந்தா கட்டினாலும், வரிசையைத் தாண்ட முடியாது. எது எப்படிப் பழுதானது என்ற பட்டியல் மட்டும் பெயர் நீக்கப்பட்டு எல்லோருக்கும் ஆண்டுக்கொருமுறை தரப்படும். கடைசி விதியைச் சிலர் எதிர்ப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள், சிறு பட்டறைகள் சந்தா கட்டுவதே அந்தப் பட்டியலுக்காகத்தான்.

ஆள் பிரச்சினை இன்னொன்று. உபகரணம் வாங்க அரசுப் பணம் கிடைத்துவிடும், அதை ஓட்டும் டெக்னீஷியனின் சம்பளத்துக்குத் தலைப்பு இருக்காது. மூன்றாண்டுத் திட்டப் பணியாளர் வேலை கற்றுக்கொண்டு தேறும் நேரத்தில் திட்டம் முடிந்து கிளம்பிவிடுவார். பட்ஜெட் போடும்போதே இரண்டு நிரந்தர டெக்னீஷியன் இடங்களை எழுதி, அதற்கு ஈடாக ஓர் உபகரணத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது.

மாணவரை ஆலைக்கு அனுப்புவது

பல்கலைக்கழகத்தையும் தொழிலையும் இணைக்கக் கனடாவில் நன்றாக வேலைசெய்த கருவி சிறியது: மைட்டாக்ஸ். 1999-ல் தொடங்கிய இந்த அமைப்பின் ஒரு திட்டத்தில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர் நிறுவனத்தின் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு, தன் நேரத்தில் பாதியளவை நிறுவனத்திலேயே செலவிடுவார். உதவித்தொகையில் ஒரு பங்கை நிறுவனம் கொடுக்கும், மீதியை அரசு நிதி ஈடுகட்டும். தொகை ஒரு சிறு நிறுவனமும் தாங்கக்கூடியது. பேராசிரியருக்கு ஆய்வுக் கட்டுரை கிடைக்கிறது. நிறுவனம் சம்பளம் கொடுத்து எடுக்கும் முன்பே ஆளைப் பார்த்துக்கொள்கிறது.

பெரிய அளவிலும் இது நடந்தது. 2010-களில் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகமும் விக்டோரியா பல்கலைக்கழகமும் பல்லார்டுடன் சேர்ந்து, பேருந்து மின்கலத்தின் மெம்பரேன் எப்படி, எங்கே கிழிகிறது என்பதை ஆராய்ந்தன. கேள்வியைக் கொடுத்தது நிறுவனம். சாலையில் ஓடித் தேய்ந்த பேருந்தின் அனுபவம் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது. ஆய்வகத்தில் உட்கார்ந்து யோசித்தால் இந்தக் கேள்வி பிறப்பதில்லை.

உங்கள் வட்டாரத்தில் இதைச் செய்யும்போது ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். நிறுவனம் தன் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும். ‘எங்கள் பொறியாளரின் நேரத்தைத் தருகிறோம்’ என்பது பங்கு ஆகாது. கொஞ்சமேனும் பணம் போட்டவர் மாதம் ஒருமுறை மாணவரைக் கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்பார். போடாதவர் கேட்கமாட்டார்.

பெரிய கூட்டாளி வரும்போது

1997-ல் டைம்லர்-பென்ஸ் பல்லார்டின் பங்கில் நான்கில் ஒன்றை எடுத்தது. அடுத்து ஃபோர்டும் சேர்ந்தது. 2000-ல் பங்கு விலை உச்சத்துக்குப் போய்ச் சரிந்தது. கார் இன்னும் பத்தாண்டு தள்ளி என்பது மெல்லத் தெரியவர, 2007 நவம்பரில் பல்லார்ட் தன் கார் மின்கலப் பிரிவையே டைம்லருக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட முடிவு செய்தது. ஏ.எஃப்.சி.சி. என்ற கூட்டு நிறுவனம் பர்னபியில் உருவானது: டைம்லருக்கு 50.1 சதவீதம், ஃபோர்டுக்கு 30, பல்லார்டுக்கு 19.9. பத்தாண்டு கழித்து, 2018-ல் அது மூடப்பட்டது.

இதைத் தோல்வி என்றுதான் அப்போது எழுதினார்கள். ஆனால் 2007 ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. கார் அல்லாத பயன்பாடுகளுக்கும் பேருந்துக்கும் அந்தத் தொழில்நுட்பத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையைப் பல்லார்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. பின்னால் அந்த நிறுவனம் பிழைத்தது பேருந்து, ஃபோர்க்லிஃப்ட், ரயில், மாற்று மின்சாரம் ஆகியவற்றில்தான். மூடிய நிறுவனத்தின் ஊரிலிருந்து திறமையும் ஓடிப்போய்விடவில்லை. டைம்லர் டிரக், வோல்வோ ஆகியவற்றின் கூட்டு மின்கல நிறுவனமான செல்சென்ட்ரிக் இன்றும் பர்னபியில் ஒரு கிளை வைத்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஒரு வழக்கு இருக்கிறது. கொரியாவின் போஸ்கோ எனர்ஜி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஃபியூயல்செல் எனர்ஜியுடன் 2007-ல் சேர்ந்தது. படிப்படியாக ஆசியச் சந்தைக்கான உரிமம் கைக்கு வந்தது; போஹாங் நகரில் ஆலை எழுந்தது. சில ஆண்டுகளில் விற்பனை தேங்கி உறவு கசந்தது. உரிமம் கொடுத்தவரால் அந்தச் சந்தையில் விற்கவும் முடியவில்லை, உரிமம் வாங்கியவர் விற்கவும் இல்லை. 2020-ல் விவகாரம் சர்வதேச நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போய், 2021 டிசம்பரில் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஒரு சந்தை பல ஆண்டுகளை இழந்திருந்தது.

ஆகவே, ஒப்பந்தம் எழுத வழக்கறிஞரிடம் உட்காரும்போது, ‘உரிமம் யாருக்கு’ என்ற ஒரே கேள்வியோடு போகாதீர்கள். கூட்டுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் இருந்த அறிவு எது என்று இணைப்பாக ஒரு பட்டியல் போடுங்கள். தகராறு வரும்போது நீதிபதி முதலில் அதைத்தான் கேட்பார். கூட்டில் பிறந்த அறிவின் உரிமத்தைப் பயன்பாடு வாரியாகப் பிரியுங்கள்: கார் ஒருவருக்கு, டெலிகாம் கோபுரம் இன்னொருவருக்கு, படகு மூன்றாமவருக்கு. தனி உரிமை கேட்டால் கொடுங்கள், ஆனால் ஆண்டுக்குக் குறைந்தபட்ச விற்பனை அளவும் அதை எட்டாவிட்டால் தனி உரிமை தானாகப் பொது உரிமையாக மாறும் என்ற வரியும் இருக்கட்டும். மாணவரின் ஆய்வேட்டை நிறுவனம் அதிகபட்சம் எத்தனை நாள் தடுத்துவைக்கலாம் என்பதையும் எழுதுங்கள். 90 நாள் நியாயமான எல்லை. எல்லை போடாமல் விட்டதால் பட்டம் தள்ளிப்போன மாணவர், அந்தத் துறைப் பக்கமே தன் தம்பிமாரை வரவிடமாட்டார்.

முதல் வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பது

2010 குளிர்கால ஒலிம்பிக் போட்டிக்காக விஸ்லர் மலைநகரில் 20 ஹைட்ரஜன் பேருந்துகள் ஓடின. திட்டச் செலவு ஏறத்தாழ 9 கோடி கனடா டாலர். உலகில் ஓரிடத்தில் ஓடிய மிகப் பெரிய மின்கலப் பேருந்துக் கூட்டம் அப்போது அதுதான். ஹைட்ரஜனோ நாட்டின் மறுகோடியான கியூபெக்கிலிருந்து லாரியில் வந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் டீசல் எரித்துக் கொண்டுவந்த சுத்த எரிபொருள்! பராமரிப்பும் டீசல் பேருந்தைவிட அதிகம். 2014-ல் நிறுத்திவிட்டார்கள். அதே காலத்தில் வடக்கு வான்கூவரில் ஒரு ரசாயன ஆலையில் துணைப்பொருளாக ஹைட்ரஜன் வெளிவந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்துச் சுத்தப்படுத்திப் பயன்படுத்தும் தனி முயற்சியும் நடந்தது. திருவிழாவுக்காகப் பிறந்த திட்டம் எரிபொருளைப் பற்றிக் கடைசியில் யோசித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு நேர்மாறானது ஃபோர்க்லிஃப்ட் கதை. வான்கூவர் பக்கத்து ரிச்மண்டில் செல்லெக்ஸ் என்ற சிறு நிறுவனம் கிடங்கு வண்டிகளுக்கு மின்கலம் செய்தது. மூன்று ஷிஃப்ட் ஓடும் குளிர்பதனக் கிடங்கில் பேட்டரி வண்டி ஒரு தொல்லை: குளிரில் திறன் குறையும், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கனமான பேட்டரியை மாற்ற வேண்டும், அதற்கென ஓர் அறை வேண்டும், ஆள் வேண்டும். ஹைட்ரஜன் நிரப்ப ஒரு சில நிமிடம் போதும். எரிபொருள் விலை கூடுதலாக இருந்தாலும் மிச்சமாகும் நேரமும் இடமும் அதை ஈடுகட்டின. 2007-ல் அமெரிக்காவின் பிளக் பவர் செல்லெக்ஸை வாங்கியது. வால்மார்ட், அமேசான் கிடங்குகளில் அந்த வண்டிகள் ஓடின. பல ஆண்டுகள் அவற்றுக்கு ஸ்டாக் கொடுத்தது பல்லார்ட். சுற்றுச்சூழலுக்காக யாரும் வாங்கவில்லை. கிடங்கு மேலாளருக்குக் கணக்கு சரிவந்தது.

உங்கள் வட்டாரத்திலும் இதே வழியில் தேடுங்கள். இன்று செலவு எங்கே ஏற்கெனவே அதிகம்? மின்தடை வந்தால் சரக்கே கெட்டுப்போகும் மீன் பதனக் கிடங்கு, டீசல் கொண்டுபோவதே பெரும்பாடான மலைக் கோபுரம், இரவும் பகலும் ஓடும் துறைமுகக் கொள்கலன் முற்றம். மேலாளரிடம் உட்கார்ந்து ஒரு மாத டீசல் பில்லையும் ஆள்கூலியையும் வாங்கிப் பாருங்கள். ஹைட்ரஜன் பேருந்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் கையிலிருப்பது

இங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. கே.பி.ஐ.டி. நிறுவனம் 2020-ல் ஓட்டிக்காட்டிய மின்கலக் காருக்கான தொழில்நுட்பத்தில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தோடு காரைக்குடிக்கும் பங்குண்டு. அதே கே.பி.ஐ.டி.யோடு சேர்ந்து கொச்சி கப்பல்கட்டும் தளம் உருவாக்கிய மின்கலப் படகை 2024 பிப்ரவரி 28 அன்று பிரதமர் தூத்துக்குடியிலிருந்து தொடங்கிவைத்தார். சென்னையில் ஸ்பிக் அறிவியல் நிறுவனம் பி.இ.எம். மின்கல வேலையை முன்பே தொடங்கியிருந்தது; இப்போது ஏ.ஆர்.சி.ஐ. என்ற அரசு ஆய்வு நிறுவனத்தின் எரிபொருள் மின்கலத் தொழில்நுட்ப மையம் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இருக்கிறது. ஹைட்ரஜன் புத்தாக்க மையம் ஒன்றை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து அமைக்க ஹூண்டாய் 2024 ஜனவரியில் 180 கோடி ரூபாய் அறிவித்தது.

இதோடு ஒரு சிறு முரணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்திய ரயில்வேயின் ஹைட்ரஜன் ரயிலுக்கான மின்கல மாட்யூல்களை ஐதராபாத்தின் மேதா நிறுவனம் 2021-ல் வாங்க ஏற்பாடு செய்தது பல்லார்டிடமிருந்து. 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டி சோதிக்கப்பட்டது பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில். பெட்டி கட்டும் திறமை சென்னையில் இருக்கிறது, உள்ளே இருக்கும் இதயம் வான்கூவர் பக்கத்துப் பர்னபியிலிருந்து வருகிறது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ரயில்வே என்ற வாடிக்கையாளர் வந்துவிட்டார்; அடுத்த டெண்டரில் கம்ப்ரெசர், கன்வெர்ட்டர், குளிர்விப்புப் பகுதி உள்ளூரிலிருந்து போக முடியுமா என்று இப்போதே மேதா போன்ற ஒருங்கிணைப்பாளர்களிடம் கேட்கலாம். அவர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, எத்தனை மணி நேரம் ஓடிய சோதனை அறிக்கை என்பதை.

முதல் ஆண்டில் செய்யவேண்டியதை இப்படி வரிசைப்படுத்துவேன். முதல் காலாண்டில் பணம் ஒன்றும் தேவையில்லை. பம்ப், கம்ப்ரெசர், ரப்பர், பவர் எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் உள்ள ஐம்பது நிறுவனங்களைப் பார்த்து யாரிடம் எந்த இயந்திரம் இருக்கிறது, எவ்வளவு நுண்மையில் வேலைசெய்கிறது என்று பட்டியல் எடுங்கள். இரண்டாவது காலாண்டில் அவர்களில் பத்துப் பேரை ஏ.ஆர்.சி.ஐ. மையத்துக்கோ காரைக்குடிக்கோ அழைத்துப்போய் ஓடும் ஸ்டாக்கைக் காட்டுங்கள். பிரித்துப்போட்ட ஸ்டாக்கையும் கேட்டு வாங்கிக் காட்டுங்கள். பட்டறைக்காரர் ஒரு பிளேட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாலே போதும், அதைச் செய்ய முடியுமா என்று சொல்லிவிடுவார். அதன் பிறகு பொதுச் சோதனை மையத்துக்கான சங்கப் பதிவு, பெசோ அனுமதிக்கான விண்ணப்பம். வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. ஹைட்ரஜன் சிலிண்டர் வைக்கும் இடத்துக்கு அனுமதி பெறும் வேலையைக் கட்டடம் கட்டிய பிறகு தொடங்கினால் சுவரை இடிக்க வேண்டிவரும். வரைபட நிலையிலேயே ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள்.

இவை நடக்கும்போதே எரிபொருளைத் தேடுங்கள். காஸ்டிக் சோடா ஆலைகள் நல்ல தொடக்கம். ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு 25 கிலோ ஹைட்ரஜன் கூடவே வருகிறது. நல்ல மின்கலத்தில் அதிலிருந்து சுமார் 400 யூனிட் மின்சாரம் எடுக்கலாம். மேட்டூரிலும் தூத்துக்குடி அருகே சாகுபுரத்திலும் அப்படிப்பட்ட ஆலைகள் இருக்கின்றன. ‘வீணாகும் ஹைட்ரஜன்’ என்ற பேச்சை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இத்தகைய ஆலைகள் அதைக் கொதிகலனில் எரிக்கின்றன, அமிலம் செய்யப் பயன்படுத்துகின்றன, சிலிண்டரில் அடைத்து விற்கின்றன. அது இல்லாவிட்டால் ஆலை என்ன எரிபொருள் வாங்க வேண்டியிருக்கும் என்பதே உங்களுக்குக் கிடைக்கப்போகும் விலையின் அடித்தளம். அதற்கு மேல் சுத்திகரிப்பும் அழுத்தமும் லாரி வாடகையும் சேரும். ஒரு முழு லாரியில் ஏறுவது சில நூறு கிலோ ஹைட்ரஜன்தான். மீதி எடையெல்லாம் எஃகு. ஆகவே வாடிக்கையாளர் ஒரு பகலில் லாரி போய்த் திரும்பும் தொலைவுக்குள் இருக்க வேண்டும்.

விலை பேசுவதற்கு முன் மாதிரி எடுத்துத் தூய்மைச் சோதனைக்கு அனுப்புங்கள். வாகன மின்கலத்துக்கான ஐ.எஸ்.ஓ. 14687 தரம் 99.97 சதவீதத் தூய்மை கேட்கிறது. அந்தச் சதவீதத்தைவிட முக்கியம் கெடுக்கும் பொருள்களின் தனித்தனி வரம்பு: கார்பன் மோனாக்சைடு கோடியில் 2 பங்குக்கு மேல் போகக்கூடாது, கந்தகச் சேர்மங்கள் நூறு கோடியில் 4 பங்கு. காஸ்டிக் ஆலை வாயுவில் கார்பன் மோனாக்சைடு பொதுவாகத் தொல்லை தராது. ஈரம், ஆக்சிஜன், குளோரின் சுவடு ஆகியவற்றைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஆலையின் சொந்த ஆய்வகம் கொடுக்கும் சான்று கொதிகலனுக்குப் போதும், மின்கலத்துக்குப் போதாது. மாதிரிப் புட்டியைச் சுயேச்சையான ஆய்வகத்துக்கு உங்கள் செலவிலேயே அனுப்புங்கள்.